பருந்துக்கு ஒரு மருத்துவமனை



சென்ற மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து, அம்பத்தூர் ஏரிக்கு அருகிலுள்ள எங்கள் தெருவுக்குள் நானும் என் மனைவியும் திரும்பியபோது, தெருமுனையில் சிறு கூட்டம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. எல்லாருடைய தலையும் மேல்நோக்கியே இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் சிக்கி, ஒரு பருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இறக்கை விரிந்து நின்றது. மற்றொன்று அடித்துக்கொண்டே இருந்தது. சுற்றிலும் இருபது முப்பது காகங்கள் கரைந்து கூச்சலிட்டு, முறை வைத்து வந்து கொத்திவிட்டுப் போயின. பருந்து தன் பலத்தோடு இருந்த நாளில் அதன் நிழலைக் கண்டே சிதறிய காகங்கள்தாம் அவை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "காற்றாடி நூல்தான், சார், மாஞ்சா" என்றார் கூட்டத்தில் ஒருவர். "அது தானா செத்துப் போயிடும், விடுங்க" என்றார் மற்றொருவர். எங்கள் தெருவில் மின்வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் மட்டும், யாரிடமும் யோசனை கேட்காமல், ஏணியைச் சாய்த்து ஏறி, துறட்டியால் கிளையை வளைத்து, பழைய போர்வை ஒன்றை வீசி அதனைச் சுருட்டி எடுத்து இறங்கினார். அவருடைய முன்கையில் நான்கு நகக் கீறல்கள். அதைத் துடைத்துக்கொண்டே, "பாவம், பயந்துபோச்சு" என்றார்.

இறங்கிய பருந்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். அப்போது என் மனைவி கேட்ட கேள்வியை நான் மறைக்கப் போவதில்லை. "ஏங்க, கோழிக்குஞ்சைத் தூக்கிக்கிட்டுப் போற பருந்துக்கா இவ்வளவு பாடு? ஒரு கிளியோ புறாவோன்னா சரி" என்றார். முன்பு கோழி வளர்த்து, ஆறு குஞ்சுகளில் நான்கைப் பருந்துக்குப் பறிகொடுத்தவர் அவர். கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல இயலவில்லை. பதின்மூன்று வயதுப் பேரன் தூணோரமாய் நின்றான். வழக்கமாக வாய் ஓயாதவன், அன்று ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் செய்த முதற்காரியமே தவறு. ஒருவர் தம்ளரில் தண்ணீர் எடுத்து அதன் அலகைப் பிளந்து ஊற்றப் போனார். ஒருவர் தயிர்சோறு கொண்டுவந்தார். கல்லூரியில் படிக்கும் அடுத்த வீட்டுப் பெண் ஓடிவந்து, "அங்கிள், வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்" என்று தடுத்தாள். பறவைக்கு மூச்சுத் துவாரம் நாவின் அடியிலேயே திறந்திருக்கிறதாம்; நாம் ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடுமாம். காயத்தால் சாகாத பறவை நம் கருணையால் சாகிறது! பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் காற்றோட்டத்துக்குத் துளைகள் இட்டு, அடியில் துணி விரித்து, பறவையை உள்ளே வைத்து மூடி, இருட்டாகவும் அமைதியாகவும் வைக்கும்படி அந்தப் பெண்ணே தொலைபேசியில் விசாரித்துச் சொன்னாள். இருட்டில் பருந்தும் கிளியும் ஒன்றுதான், படபடப்பு அடங்கிவிடும். பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, நகருக்குள் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் சிகிச்சை அளிக்கும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் பருந்தின் கண்களைத் துணியால் மூடிவிட்டு, இறக்கையை மெல்ல விரித்துக் காட்டினார். இறக்கையின் முன்விளிம்பில், தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே, கூடாரத் துணிபோல இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு தசைநாண் ஓடுகிறது. பறவை பறப்பதே அதனால்தான். மாஞ்சா நூல் அந்தத் தோலைக் கிழித்து, நாணையும் அறுத்து, எலும்புவரை போயிருந்தது. "தோல் மட்டும்னா தைச்சுடலாம். நாண் போயிருக்கு. உயிர் பிழைக்கும், பறக்குமான்னு இப்போ சொல்ல முடியாது" என்றார். கள்ளப்பருந்தின் எடை ஒரு கிலோவைக்கூட எட்டுவதில்லை. விரித்த இறக்கையோ ஏறத்தாழ ஐந்தடி. அந்த ஐந்தடியில் ஒரு நூல் அகலம் அறுந்ததற்கே இந்த நிலை.

நிற்க. வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனைவியின் கேள்வியே என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதே கேள்வியை, வேறொரு வடிவில், தில்லியில் இரண்டு சிறுவர்கள் எதிர்கொண்ட வரலாற்றை நான் படித்திருந்தேன். இத்திங்கள் அதையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவூத் என்போர் உடன்பிறந்த சகோதரர்கள். பழைய தில்லியில் வளர்ந்தவர்கள். 1990களில், இருவரும் பள்ளிச் சிறுவர்களாக இருந்த காலத்தில், அடிபட்டுக் கிடந்த பருந்து ஒன்றைக் கண்டெடுத்தார்கள். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, சமண ஆலயத்தை ஒட்டி, பறவைகளுக்கென்றே நடத்தப்படும் புகழ்பெற்ற தரும மருத்துவமனை ஒன்று உண்டு. அதனிடம் பருந்தைக் கொண்டுபோனார்கள். அது ஊன் உண்ணும் பறவை. ஆகவே இங்கே வைத்துச் சிகிச்சை செய்ய இயலாது என்ற விடை கிடைத்தது. சிறுவர்கள் என்ன செய்வார்கள்? பருந்தை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

இதைப் படித்தவுடன் அந்த மருத்துவமனையின்மீது கோபம் கொள்வது எளிது. நான் கொள்ளவில்லை. காசு வாங்காமல் ஆயிரக்கணக்கான புறாக்களுக்கும் கிளிகளுக்கும் சிட்டுக்குருவிகளுக்கும் கட்டுப் போட்டு, கூண்டு கூண்டாக வைத்துப் பராமரித்து, நலமடைந்ததும் மேல்மாடியிலிருந்து பறக்கவிடும் இடம் அது. கொல்லாமையை உயிராகக் கொண்ட ஒரு சமயத்தார், தம் கையால் இறைச்சி அரிந்து ஊட்டத் தயங்குவதை நாம் விளங்கிக்கொள்ள முடியும். ஊன் உண்ணும் பறவைகளை வெளிநோயாளிகளாக மட்டும் பார்த்து அனுப்புவது அங்குள்ள வழக்கம். நம்முடைய மறைநூலிலேயே, லேவியர் நூலின் 11ஆம் அதிகாரத்தில், உண்ணத் தகாத பறவைகளின் பட்டியலில் பருந்தும் இடம்பெறுகிறது. ஆனால் அப்பட்டியல் அடுப்படிக்கு உரியது. அடிபட்டுக் கிடக்கும் பறவையைப்பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஞாயிறுதோறும் கோழிக் குழம்பு வைக்கிற வீட்டிலிருந்துகொண்டு, பருந்து கோழி தின்கிறது என்று குறைகூறுவதற்கு நமக்கு என்ன உரிமை என்று என் மனைவியிடம் கேட்க வாயெடுத்தேன். அவர் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

விட்டுவந்த அந்தப் பருந்து இரு சகோதரர்களையும் விடவில்லை போலும். 2003இல் மீண்டும் அடிபட்ட பருந்து ஒன்று கிடைத்தபோது, அவர்கள் அதை எந்த வாசலுக்கும் கொண்டுபோகாமல் தாங்களே பார்க்கத் தொடங்கினார்கள். இருவரும் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இளமையில் உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடந்தவர்கள். எந்தத் தசை எதை இழுக்கிறது, எந்த நாண் எங்கே முடிகிறது என்ற அறிவு அவர்களுக்கு அங்கிருந்துதான் முதலில் வந்தது. அதன்பின் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, கட்டுப் போடவும் தைக்கவும் கற்றுக்கொண்டார்கள். எத்தனை பறவைகள் தங்கள் கையில் இறந்த பின் அந்தத் திறமை வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதைப்பற்றி யாரும் அவர்களைக் கேட்பதில்லை. 2010இல் தங்கள் பணிக்கு முறையான அமைப்பு ஒன்றை நிறுவி, வனவிலங்கு மீட்பகம் என்று பொருள்படும் எளிய ஆங்கிலப் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

இடம், வடக்குத் தில்லியில் வசீராபாத் என்னும் நெருக்கடியான குடியிருப்பு. வீட்டின் கீழ்த்தளத்தில் அவர்களுடைய பிழைப்பு: கை கழுவும் இடங்களில் சுவரில் பொருத்துகிறார்களே, அழுத்தினால் திரவச் சோப்பு வடிகிற கருவி, அதைச் செய்யும் சிறு தொழில். அதே கீழ்த்தளத்தில், உலோகத் துண்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே, ஒரு மேசைமீது பருந்துக்குத் தையல். மொட்டை மாடியில் பெரிய கம்பிக் கூண்டுகள். நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மூலையில் இப்படி ஒரு மருத்துவமனை நடப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் சரியாக இருக்கும். மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகும். கோடையில் மின்சாரம் போகும். இறைச்சி அரைக்கும் இயந்திரம் பழுதாகும். அது பழுதானால் அன்று நூற்றுக்கணக்கான வாய்களுக்கு உணவு இல்லை.

ஆம், நூற்றுக்கணக்கில்தான். தில்லியில் காற்றாடி விடும் காலம் ஆகஸ்டு 15ஆம் நாள் சுதந்திர தினத்தை ஒட்டியது. அந்த வாரங்களில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பருந்துகள் வந்து குவியும். ஏதோ கடையின் சரக்கு என்று எண்ணத்தக்க பெட்டிகளின் துளைகளினூடே கண்கள் தெரியும். இதுவரை 20,000க்கு மேற்பட்ட பறவைகள் அவர்கள் கையால் சிகிச்சை பெற்றிருக்கின்றன. உடன் உழைப்பவர் அவர்களுடைய உறவினரான சாலிக் ரெஹ்மான் என்ற இளைஞர். ஒருமுறை அடிபட்ட பருந்து ஆற்றின் அக்கரையில் கிடக்க, குளிர்ந்த நீரில் நீந்திப் போய் அதை எடுத்துவந்தார்கள். இன்னொரு முறை, மாடியில் நின்ற சாலிக்கின் மூக்குக்கண்ணாடியை ஒரு பருந்து பறந்துவந்து கவ்விக்கொண்டு போய்விட்டது. உபகாரத்துக்குக் கைம்மாறு இவ்விதம்! அவர் சிரித்துவிட்டு மறுநாளும் வேலைக்கு வந்தார்.

இவர்களுடைய வாழ்க்கையை ஷௌனக் சென் என்னும் இயக்குநர் முழுநீள ஆவணப்படமாக எடுத்தார். மூச்சுவிடும் யாவும் என்று அதன் ஆங்கிலப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். 2022இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவிலும், அதே ஆண்டு பிரான்சு நாட்டின் கான் விழாவிலும் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசுகளைப் பெற்றது. 2023இல் ஆஸ்கார் விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது, பரிசு கிட்டவில்லை. ஆனால் அதே மேடையில், அதே இரவில், குறும்பட ஆவணப் பிரிவில் பரிசு பெற்றது எது என்பதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதுமலையில் தாயற்ற யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய படம் அது. யானைக்குட்டி நம் மனத்தை எளிதில் கவர்ந்துவிடுகிறது. பருந்துக்கு அந்த முகராசி இல்லை. அது நம்மை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கிறது, நன்றியும் காட்டுவதில்லை.

அந்தப் படத்தில் என்னைத் தொட்டது பறவைகளைவிட அண்ணன் தம்பியர் பேச்சுத்தான். பணத்தைப் பற்றிய பேச்சு. இறைச்சி வாங்கக் காசில்லை, கடன், வெளிநாட்டு நன்கொடை பெற அரசு அனுமதி வேண்டி விண்ணப்பம், அது வரவில்லை, மீண்டும் விண்ணப்பம். மனைவி மக்கள் உள்ள குடும்பத்தில், சம்பாத்தியத்தின் ஒரு பகுதி நாள்தோறும் பருந்தின் வாய்க்குப் போகிறதென்றால், அந்த வீட்டில் எத்தனை இரவுகள் அதனால் பேச்சு வளர்ந்திருக்கும்! நற்பணி செய்வோரின் படங்களை நாம் மாலை போட்டு மாட்டிவிடுகிறோம்; அவர்கள் வீட்டு மளிகைக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. 2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லியில் கலவரம் மூண்டு, அவர்கள் வீட்டுக்கு வெகு தொலைவில்லாத தெருக்களில் உயிர்கள் பறிபோயின. அந்த நாள்களிலும் வாசலுக்கு அட்டைப்பெட்டிகள் வந்தன. பெட்டியைக் கொண்டு வந்தவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்டா வாங்கியிருப்பார்கள்?

பருந்துக்கு இறைச்சி எறிந்தால் புண்ணியம் சேரும், துன்பம் நீங்கும் என்பது தில்லி முஸ்லிம் மக்களிடையே நெடுநாளைய நம்பிக்கை. நம் பக்கத்திலும் கருடன் என்று வணங்கப்படும் செம்பருந்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வோர் பலர். அது வெண்மையான தலையும் செங்கல் நிற உடலுமாக அழகாக இருக்கும். எங்கள் மரத்தில் தொங்கியது அந்தப் பேறு பெற்ற இனம் அன்று. மீன்வால் போலப் பிளந்த வாலும் மங்கிய பழுப்பு நிறமும் கொண்ட கள்ளப்பருந்து. பெயரிலேயே திருட்டுப் பட்டம்.

ஆனால் இந்தக் கள்ளன் இல்லாவிட்டால் நகரத்தின் கதி என்ன? கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் மேலும், மீன் சந்தைகளின் மேலும், இறைச்சிக் கடைகளின் பின்புறத்திலும் வட்டமிடும் பருந்துகள், அழுகும் முன்னரே கழிவை அள்ளிக்கொண்டு போகின்றன. எலிகளையும் பிடிக்கின்றன. பறவை ஒன்று மறைந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாடே பாடம் படித்திருக்கிறது. 1990களில் பாறு என்று நம் முன்னோர் அழைத்த பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியா முழுவதும் சரசரவென்று குறைந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம் என்பது 2004இல் உலகறிய வெளியிடப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. தமிழகத்தில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

மாஞ்சாவுக்கு வருகிறேன். அதைப்பற்றிப் பேசும்போது என் குரலை உயர்த்த எனக்குத் தகுதி இல்லை. இதே ஊரில், வீடுகளைவிட வயல்கள் மிகுந்திருந்த காலத்தில், நானும் மாஞ்சா போட்டவன். உடைந்த சோடாப் புட்டியை அம்மா இல்லாத நேரத்தில் உரலில் இட்டு இடித்து, துணியில் சலித்து, வஜ்ஜிரமும் ஜவ்வரிசிக் கஞ்சியும் சாயப்பொடியும் கலந்து, இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டிய நூலில் கையால் தடவிக்கொண்டே நடப்போம். விரல் அறுபடும், அது வீரம். வானத்தில் 'டீல்' போட்டு எதிரியின் காற்றாடியை அறுத்து வீழ்த்துவதற்கு இணையான இன்பம் அந்த வயதில் வேறு இருந்ததாக நினைவில்லை. அறுந்த நூல் எங்கே போய் விழுந்தது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உரலில் கண்ணாடி இடித்ததற்காக அம்மாவிடம் வாங்கிய அடி மட்டும் நினைவிருக்கிறது.

அந்நாளில் அது பருத்தி நூல். இரண்டு மழையில் மக்கிப்போகும். இன்று கடைகளில் திருட்டுத்தனமாக விற்பது நைலான் இழை. மரத்தில் சிக்கினால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். காற்றாடிக் காலம் முடிந்து, விட்ட பையனே மறந்துபோன பின்னரும் அந்தக் கண்ணி காத்துக்கொண்டிருக்கும். 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மற்றும் செயற்கை இழை மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. சென்னை மாநகரக் காவல்துறையும் மாஞ்சா செய்வதையும் விற்பதையும் தடை செய்திருக்கிறது. தடை பறவைக்காக மட்டும் அன்று. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில், இரு சக்கர வண்டியில் தந்தைக்கு முன்னால் அமர்ந்து சென்ற மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை அறுந்த நூல் ஒன்று அறுத்துவிட்டது. குழந்தை இறந்தது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. வேறு விவரங்கள் வேண்டாம்.

குசராத்தில் ஜனவரி 14ஆம் நாள் உத்தராயணத் திருவிழாவில் வானமே காற்றாடியாகிவிடும். அங்கே 2017 முதல் கருணை இயக்கம் என்ற பெயரில் மாநில அரசே முன்னின்று, விழாவை ஒட்டிய நாள்களில் சிகிச்சை முகாம்கள் அமைக்கிறது. கால்நடை மருத்துவர்களும் தொண்டர்களும் இரவு பகலாக அவற்றில் உழைக்கிறார்கள். அதிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் காற்றாடி விடவேண்டாம் என்று மக்களை வேண்டுகிறார்கள். பறவைகள் கூட்டைவிட்டுக் கிளம்புவதும் திரும்புவதும் அப்போதுதானே. திருவிழாவையும் விடாமல், உயிரையும் கைவிடாமல் இடைவழி தேடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, 2019இல் பசுமைப் பூங்காவாகச் சீரமைக்கப்பட்ட ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி, சற்றுத் தள்ளிச் செம்பரம்பாக்கம். நீர் இருக்கும் இடத்தில் நாரை, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் இருக்கின்றன. ஏரியைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. மின்கம்பிகளும் கேபிள் வயர்களும் காற்றாடிகளும் வந்துவிட்டன. எனினும் அடிபட்ட பறவைக்கென்று இவ்வட்டாரத்திலேயே ஒரு வாசல் இருப்பதாக எங்கள் தெருவில் எவருக்கும் அன்று தெரியவில்லை. நகருக்குள் தான் ஓடினோம். கிண்டியில் வேளச்சேரிச் சாலையிலுள்ள புளூ கிராஸ் நெடுங்காலமாகத் தொண்டு புரிகிறது. 1959இல், விமானி கேப்டன் சுந்தரமும், விமானம் ஓட்டிய முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவரான அவருடைய துணைவியார் உஷாவும், மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்துவந்ததில் தொடங்கிய பணி அது. அடையாற்றில் பெசன்ட் அம்மையார் பெயரால் விலங்குகளுக்கான மருந்தகம் ஒன்று உண்டு. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காட்டுப் பறவைகளைப் பொறுத்தவரை வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அன்பின் மிகுதியால்கூட அவற்றை வீட்டில் வைத்து வளர்க்க நமக்கு உரிமை இல்லை. கூண்டுக் கிளி வளர்க்கும் வாசகர்கள் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சட்டம் கிளிக்கும் சேர்த்துத்தான்.

அன்று மருத்துவர் சொன்ன சில செய்திகள் எல்லா வீட்டாருக்கும் பயன்படும். பறவை நூலில் சிக்கியிருந்தால் நூலை இழுக்கலாகாது. இழுக்க இழுக்க அறுக்கும். பறவையைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, நூலை இருபுறமும் சற்று நீளம் விட்டுக் கத்தரிக்க வேண்டும். உடலில் புதைந்ததை மருத்துவர் எடுத்துக்கொள்வார். பருந்தானால் அலகைவிட நகத்துக்கே அஞ்ச வேண்டும். பாலும் சோறும் எந்தக் காட்டுப் பறவைக்கும் ஆகாது. பகலில் காக்கைகள் துரத்திக் களைத்துப்போன கூகை சில நேரம் வீட்டு மாடியில் வந்து ஒண்டும். அதை அபசகுனம் என்று கல்லால் அடிக்காமல் இருட்டும்வரை விட்டுவைத்தால், பல சமயம் தானே எழுந்து போய்விடும். போகிற வழியில் நம் தெரு எலிகளில் சிலவற்றையும் குறைத்துவிடும். இறகு முளைத்தும் பறக்கத் தெரியாமல் தரையில் தத்தும் குஞ்சைக் கண்டால், உடனே பெட்டியில் அடைத்துத் தூக்கி வந்துவிடுகிறோம். தாய் பெரும்பாலும் அருகிலுள்ள கிளையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் குஞ்சை எடுத்து வைத்துவிட்டு நாம் விலகிப்போக வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நாம் கேட்டு வளர்ந்ததில் உண்மை இல்லையாம். என் பாட்டியார் சொல்லி, நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் பேரனுக்குச் சொன்ன பாடம் அது. அந்தப் பெண் மருத்துவர் அரை நிமிடத்தில் அதை முடித்துவிட்டார்.

குஞ்சாக இருந்தபோதே மனிதக் கையால் உண்டு வளர்ந்த பறவை, மனிதனையே தன் இனமென்று எண்ணிவிடும் என்றும் சொன்னார். பிறகு அதைக் காட்டில் விட முடியாது. ஆகவே இப்பணியில் இருப்போர் தம் பராமரிப்பிலுள்ள பறவையைக் கொஞ்சுவதில்லை, பெயரிட்டு அழைப்பதில்லை, கூடுமானவரை தம் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. அது தம்மைக் கண்டால் அஞ்சி விலக வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுவது. வளர்த்த பிள்ளை தம்மைத் திரும்பிப் பாராமல் போகவேண்டும் என்று நாள்தோறும் உழைக்கிற பெற்றோரை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பருந்தின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். ஜூன் இறுதியில் தொலைபேசியில் விசாரித்தேன். காயம் ஆறிவிட்டது. உண்கிறது. கூண்டுக்குள் ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்குத் தாவுகிறது, பறக்கவில்லை. இன்னும் சில வாரம் பார்த்துவிட்டு வனத்துறையினர் முடிவு செய்வார்களாம். பேரன் அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய லொட்டாய் வழக்கமாக இருக்கும் பரண் மூலையில் அது இல்லை என்பதை நான் சில நாள் முன்பே கவனித்திருந்தேன். அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மரத்தில் சிக்கிய நூல் எங்கள் வீட்டு நூலா, அடுத்த தெரு நூலா என்று கண்டுபிடிக்க இனி வழியும் இல்லை.

"தாத்தா, அது என்ன சாப்பிடுதுன்னு கேளுங்க" என்றான். கேட்டேன். கோழி இறைச்சி என்றார்கள். யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். அன்று அறுத்த புதிய இறைச்சியானால் தாராளமாக, உப்பு மசாலா எதுவும் கூடாது என்றார்கள். சனிக்கிழமை காலையில் அவன் தன் உண்டியல் காசை எடுத்துக்கொண்டு, முனையிலுள்ள கோழிக்கடைக்குப் போனான். யாருக்கு என்று பாய் கேட்டிருக்கிறார், சொல்லியிருக்கிறான். ஒரு கிலோவை நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். வழியில் கெட்டுப்போகாமல் இருக்க அதைப் பனிக்கட்டியோடு எவர்சில்வர்த் தூக்கில் வைத்து மூடி, துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தவர் என் மனைவி.